ஒன்பதாயிரம் வெள்ளியும் ஒரு சலங்கைச் சத்தமும்

"வீட்டுல பாட்டுக் கேட்க நல்ல செட் போடலாம்னு இருக்கேன், எதை வாங்கலாம்?" வானொலியில் வேலை செய்கிறவர்களிடம் கல்யாண விருந்துகளில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. முன்பு ஸ்பீக்கரைப் பற்றிக் கேட்பார்கள், ஆம்ப்ளிஃபயரைப் பற்றிக் கேட்பார்கள். சில ஆண்டுகளாக இன்னொரு சொல்லும் சேர்ந்துகொண்டது: டிஏசி. கடைக்காரர்கள் வாயில் அது 'டேக்'. இருநூறு வெள்ளிக்கும் ஒன்று கிடைக்கிறது. ஒரு புது மைவி காரின் விலையைத் தாண்டியும் ஒன்று கிடைக்கிறது. இரண்டும் செய்வது ஒரே வேலை என்றால் இவ்வளவு வித்தியாசம் எதற்கு? கடந்த ஆண்டு நானே ஒரு டேக் வாங்கக் கிளம்பியதால் இதற்கு விடை தேட வேண்டிய அவசியம் எனக்கும் வந்தது.

முதலில் அது செய்யும் வேலையைப் பார்த்துவிடுவோம். குறுந்தட்டிலோ கைப்பேசியிலோ இருப்பது பாட்டு அல்ல, வெறும் எண்கள். 1982 அக்டோபரில் ஜப்பானில் குறுந்தட்டு விற்பனைக்கு வந்தபோது சோனியும் பிலிப்ஸும் வகுத்த கணக்கு இன்றும் அப்படியே இருக்கிறது. ஒலி அலையின் உயரத்தை விநாடிக்கு 44,100 முறை அளக்க வேண்டும். ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளில் ஒன்றாகக் குறித்து வைக்க வேண்டும். பாடும்போது அந்த எண்களை மறுபடியும் மின் அலையாக மாற்றி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்ப வேண்டும். அப்படி மாற்றிக் கொடுப்பதுதான் டேக். உங்கள் கைப்பேசியில், தொலைக்காட்சியில், கார் வானொலியில் எல்லாம் ஏதோ ஒரு வடிவில் அது இருக்கிறது. தனிப் பெட்டியில் போட்டு விற்கும்போதுதான் அதற்குப் பெயரும் விலையும் வந்து சேர்கின்றன.

44,100 என்ற எண்ணை ஊடகவியல் படித்த நாட்களில் மனப்பாடம் செய்தோம். அது எங்கிருந்து வந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. ஆரம்பத்தில் டிஜிட்டல் ஒலியைப் பதிவு செய்து வைக்க வீடியோ நாடாவைத்தான் பயன்படுத்தினார்கள். படத்தின் ஒரு கோட்டுக்கு 3 அளவுகள், 245 கோடுகள், விநாடிக்கு 60 முறை. பெருக்கிப் பாருங்கள், 44,100 வரும். மனிதக் காது கேட்கக்கூடிய உச்சம் ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். அதைப் பிடிக்க அதைவிட இரண்டு மடங்குக்குச் சற்று அதிகமான அளவுகள் போதும் என்பது கணித விதி. ஆக, நம் காதுக்குத் தேவையானது எல்லாம் அந்தப் பழைய கணக்குக்குள்ளேயே அடங்கிவிட்டது.

எங்கள் வீடு கிள்ளானில் உள்ள ஒரு தொடர்வீடு. அப்பா என்னோடுதான் இருக்கிறார். அவர் பிறந்து வளர்ந்தது பிரிக்பீல்ட்ஸில். தாத்தாவுக்கு ரயில்வேயில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு, கூடத்தில் ஒரு வானொலிப் பெட்டி. பிறகு அப்பா கிள்ளான் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து 31 ஆண்டுகள் அங்கேயே இருந்தார். சம்பளம் வந்த வாரம் ரயிலேறி ஜாலான் துன் சம்பந்தனுக்குப் போய்விடுவார். முதலில் கேசட் வாங்கினார், பிறகு குறுந்தட்டு. அவர் வாங்கிய கடைகளில் பல இன்று இல்லை. தட்டுகள் மட்டும் எங்கள் வீட்டுக் கூடத்து அலமாரியில் நானூற்றுச் சொச்சம் இருக்கின்றன, ஒவ்வொன்றின் அட்டையிலும் வாங்கிய தேதியோடு.

அம்மா காலமான பிறகு அப்பா அந்த அலமாரியின் பக்கம் போவது குறைந்துபோனது. தட்டு போடும் இயந்திரமும் பழுதாகிவிட்டது. அவரை மறுபடியும் கூடத்தில் உட்கார வைக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். போனசும், வார இறுதிகளில் விருந்து நிகழ்ச்சிகளுக்கு அறிவிப்பாளராகப் போய்ச் சேர்த்ததுமாக 9,000 வெள்ளி வைத்திருந்தேன். தட்டுகள் முழுவதையும் கணினியில் ஏற்றி, நல்ல டேக் ஒன்றின் வழியே பழைய ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுப்பது திட்டம்.

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு ஹைஃபை கடைக்கு இருவரும் போனோம். கடைக்காரர் அறுபதைத் தாண்டிய சீனர், பொறுமைசாலி. அப்பாவை 'அங்கிள்' என்று அழைத்து நடு நாற்காலியில் உட்கார வைத்தார். அவர் காட்டிய பெட்டியின் விலை 9,200 வெள்ளி. அலுமினிய உடம்பு, நான் இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கனம்.

டேக்குகளில் பெரும்பாலும் இரண்டு குடும்பங்கள். ஒன்று 'ஏணி' வகை. வரிசையாக அடுக்கிய மின்தடைகள், ஏணிப்படி மாதிரி; ஒவ்வோர் எண்ணுக்கும் எந்தெந்தப் படி என்று திறந்து மூடி அலையை உருவாக்கும். 65,536 படிகள் சரியாக வர வேண்டும் என்றால் தடைகளின் அளவில் மயிரிழை பிசகக் கூடாது. அப்படிப் பொறுக்கி எடுப்பதற்கே செலவாகிறது. மற்றது 'டெல்டா சிக்மா' வகை. மிக வேகமாக மாறும் சில படிகளை மட்டும் வைத்துக்கொண்டு, இரைச்சலைக் காதுக்கு எட்டாத உயரத்துக்குத் தள்ளிவிட்டு, பிறகு வடிகட்டி எடுக்கும். கைப்பேசி முதல் விலை உயர்ந்த பெட்டிகள் வரை இன்று விற்பவற்றில் மிகப் பல இந்த இரண்டாம் வகைதான். அதற்கான சில்லுகளைச் செய்யும் பெரிய நிறுவனங்களும் ஒரு கைவிரல் எண்ணிக்கைதான். அவற்றில் ஒன்றான ஏகேஎம் நிறுவனத்தின் ஜப்பானியத் தொழிற்சாலையில் 2020 அக்டோபரில் தீப்பிடித்தபோது உலகெங்கும் ஒலிக்கருவி செய்கிறவர்கள் தடுமாறிப்போனார்கள். பெயர்ப்பலகைகள் நூறு இருந்தாலும் உள்ளே இருக்கும் சில்லு பல பெட்டிகளில் ஒன்றேதான் என்பது அப்போது பலருக்கும் புரிந்தது.

கடைக்காரர் காட்டியது ஏணி வகை. கேட்க அழகாகவே இருந்தது. "வீட்டுக்கு எடுத்துப் போய்க் கேளுங்கள், ஞாயிற்றுக்கிழமை கொண்டுவாருங்கள்" என்று முன்பணம் வாங்கிக்கொண்டு கொடுத்தனுப்பினார். நல்ல கடைகள் இதைச் செய்யும். கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. ஒப்பிட்டுப் பார்க்க 650 வெள்ளிக்கு ஒரு சிறிய சீனத் தயாரிப்பையும் வாங்கி வைத்திருந்தேன். அது ஒரு சவர்க்காரப் பெட்டி அளவுதான் இருக்கும்.

வீட்டில் நாங்கள் செய்த சோதனையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், உங்களுக்கும் பயன்படும். காதை ஏமாற்றும் முதல் காரணம் ஒலி அளவு. இரண்டு கருவிகளில் ஒன்று துளி உரக்கப் பாடினாலும் அதுவே 'தெளிவாக' இருப்பதாகத் தோன்றும். பெரும்பாலான டேக்குகள் சாதாரணக் கம்பி வழியே 2 வோல்ட் கொடுக்கும். சில அதைவிடக் கூட்டியே கொடுக்கும். அதனால் ஒரே சீரான ஓர் ஒலியை ஓடவிட்டு, வோல்ட்மீட்டர் வைத்து இரண்டையும் சமப்படுத்தினேன். இரண்டாவது காரணம் கண். எது ஓடுகிறது என்று தெரிந்தால் காது கண்ணுக்குக் கட்டுப்பட்டுவிடும். ஆகவே என் தம்பி ஒரு துணிக்குப் பின்னால் உட்கார்ந்து நாணயத்தைச் சுண்டிப் போட்டு மாற்றிக்கொண்டிருந்தான். எது விலை உயர்ந்தது என்று நான் சொல்ல வேண்டும், அவன் எழுதிக்கொள்வான்.

20 முறை மாற்றினான். 11 முறை சரியாகச் சொன்னேன். நாணயத்தை வைத்தே பதில் சொல்லியிருந்தாலும் ஏறத்தாழ 10 சரியாகியிருக்கும். "அக்கா, நீ ஸ்டூடியோவுல வேலை செய்யற ஆளு" என்று தம்பி சிரித்தான். எனக்கு அதில் வெட்கம் எதுவும் இல்லை. 2007-ல் அமெரிக்காவில் மேயர், மோரன் என்ற இருவர் இதே மாதிரியான ஒரு பெரிய சோதனையின் முடிவை ஒலிப் பொறியியல் சங்கத்தின் ஆய்விதழில் வெளியிட்டார்கள். உயர்தரப் பதிவு ஒன்றை நேராகக் கேட்பதற்கும், அதையே குறுந்தட்டின் தரத்துக்குக் குறைத்துக் கேட்பதற்கும் வேறுபாடு தெரிகிறதா என்று பார்த்தார்கள். 554 முறை கேட்டதில் 276 முறை சரியான பதில். அதுவும் பாதிக்குப் பாதிதான்.

இதனால் எல்லா டேக்கும் ஒன்றே என்று சொல்ல வரவில்லை. பழைய மடிக்கணினியின் காதணித் துளையில் 'இஸ்' என்ற இரைச்சல் வரும். அது உண்மையான குறை. சில விலை உயர்ந்த பெட்டிகள் வேண்டுமென்றே ஒலிக்கு ஒரு மென்மை சேர்க்கும், அது ருசி. ஆனால் பிழையில்லாமல் எண்ணை ஒலியாக்கும் வேலை மட்டும் என்றால், அது இன்று மலிவாகிவிட்டது. வீட்டுக் கூடத்தின் கணக்கையும் பாருங்கள். நடு இரவில்கூட ஒரு வீட்டில் 30 டெசிபல் சத்தம் இருக்கும், காற்றாடி ஓடினால் இன்னும் கூடும். குறுந்தட்டின் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடைவெளி 96 டெசிபல். இரண்டையும் கூட்டினால் 126. காது வலிக்கத் தொடங்கும் எல்லை அது. அதற்கு மேலும் துல்லியம் வாங்கி எங்கே வைப்பது?

நான் வேலை செய்யும் பண்பலையையே எடுத்துக்கொள்ளுங்கள். பண்பலையில் 15,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இசை போகாது. 19,000 ஹெர்ட்ஸில் ஸ்டீரியோவுக்கான வழிகாட்டி ஒலி உட்கார்ந்திருப்பதால் அதற்குக் கீழேயே வெட்டிவிடுகிறோம். நம் பெற்றோர் கேட்ட மத்திய அலை வானொலி இன்னும் குறுகியது. அந்தக் குறுகிய பாதையில் வந்த குரல்களைத்தான் அவர்கள் இன்றுவரை நினைவில் வைத்திருக்கிறார்கள்.

சோதனை முடிந்ததும் அப்பாவையும் உட்கார வைத்தேன். அவருக்காகத்தானே இவ்வளவும். 1983-ல் வந்த 'சலங்கை ஒலி' படத்தின் தட்டைப் போட்டேன். இளையராஜாவின் இசை, அப்பாவுக்கு அட்சரம் பிசகாமல் தெரிந்த பாடல்கள். முதலில் சிறிய பெட்டி, பிறகு பெரிய பெட்டி. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் கையை உயர்த்தினார்.

"இந்த இடத்துல சலங்கை வரும் ம்மா. ரெண்டு பெட்டியிலயும் சலங்கையே வரலயே."

எனக்கும் தம்பிக்கும் இரண்டு பெட்டியிலும் கணீரென்று கேட்டது.

தம்பி என்னைப் பார்த்தான். அப்பா, "தட்டு தேஞ்சிருக்குமோ?" என்றார். குறுந்தட்டு தேய்வதில்லை என்று அவருக்கு எடுத்துச் சொல்ல எனக்கு அந்த நேரத்தில் வாய் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து, கிள்ளானில் செவித்திறன் பரிசோதனைக்கு அழைத்துப் போனோம். சத்தம் புகாத ஒரு சிறிய அறை, காதில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். ஒலி கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். அரை மணி நேரத்தில் ஒரு வரைபடம் கிடைத்தது. தாழ்ந்த ஒலிகளில் கோடு ஏறக்குறைய சமமாகவே போகிறது. 3,000 தாண்டியதும் சரிகிறது. 4,000 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தைக் காட்டி அந்தப் பெண் நிபுணர், "அங்கிள் என்ன வேலை செய்தார்?" என்று கேட்டார்.

நீண்ட நாள் இயந்திர இரைச்சலில் வேலை செய்தவர்களின் காதில் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் முதல் அடி விழுமாம். வயது ஏற ஏற, அதற்கு மேலே உள்ளவையும் மங்கும். சலங்கை, ஜால்ரா போன்றவற்றின் மினுமினுப்பு பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. பேச்சில் 'ச', 'த' போன்ற மெய்யொலிகளின் கூர்மையும் அங்கேயே. 'சத்தம் கேட்கிறது, ஆனால் என்ன சொல்கிறார்கள் என்று புரியவில்லை' என்று பெரியவர்கள் சொல்வதன் காரணம் இதுதான். அம்மா போன பிறகு அப்பா ஏன் விருந்துகளுக்கு வருவதைத் தவிர்த்தார், தொலைபேசியை ஏன் உடனே என்னிடம் நீட்டினார் என்பதற்கு அந்தத் தாளில் பாதி பதில் இருந்தது. துக்கத்தின் பங்கு எவ்வளவு, காதின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எந்த வரைபடமும் இல்லை.

நம் நாட்டில் தொழிலிடத்து இரைச்சல் விதிமுறைகள் 2019-ல் புதுப்பிக்கப்பட்டன. எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல் என்பது இன்றைய வரம்பு. 1989-ல் வந்த பழைய விதியில் அது 90. அப்பா வேலையில் சேர்ந்தது அதற்கும் முன்னால். தொழிலால் வரும் செவித்திறன் இழப்பு பெர்க்கேசோவின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் உள்ளது. தொழிற்சாலையில் வேலை செய்த அப்பாவோ அண்ணனோ வீட்டில் இருந்தால் இதை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது டேக் விஷயத்துக்கு வருகிறேன். ஏனென்றால் அன்று நிபுணர் மேசையில் எடுத்து வைத்ததும் ஒரு வகையில் அதுதான். 1996-க்குப் பிறகு பரவிய டிஜிட்டல் செவித்துணைக் கருவி எப்படி வேலை செய்கிறது? ஒரு சிறிய ஒலிவாங்கி வெளிச்சத்தத்தை எடுக்கிறது. அது எண்களாகிறது. ஒரு சில்லு அந்த எண்களில் எது குறைகிறதோ அதைக் கூட்டுகிறது. பிறகு எண்கள் மறுபடியும் ஒலியாகிக் காதுக்குள் போகின்றன. 9,200 வெள்ளிப் பெட்டி செய்யும் அதே வேலை, கடலைப்பருப்பு அளவு இடத்தில், ஒரு சிறிய மின்கலத்தில். அப்பாவைப் பொறுத்தவரை, பாட்டு கடைசியாகக் கடக்கப்போகும் வாசல் அது. அதற்கு முந்தைய வாசலில் எவ்வளவு பணம் கொட்டினாலும், இந்த வாசல் குறுகலாக இருந்தால் சலங்கை உள்ளே வராது.

ஒலியோடு வேலை செய்கிறவள் என்பதால் நிபுணரிடம் சில கேள்விகள் கேட்டேன். செவித்துணைக் கருவிகள் பேச்சுக்காக வடிவமைக்கப்பட்டவை. இசைக்கு அவை இயல்பாகப் பொருந்துவதில்லை. கருவி 'கீச்' என்று ஊளையிடாமல் இருக்க உள்ளே ஒரு தடுப்பு உண்டு. புல்லாங்குழலோ நாதஸ்வரமோ ஒரே சுரத்தில் நின்றால், அதையும் ஊளை என்று நினைத்து அந்தத் தடுப்பு நசுக்கப் பார்க்கும், சுரம் நடுங்கும். மேளச்சத்தம் பேச்சைவிடப் பல மடங்கு உரத்தது. உள்ளே நுழையும் இடத்திலேயே அது நெரிந்து கரகரக்கும். அதனால் இசைக்கென்று தனி அமைப்பு ஒன்றைப் போட்டுத் தரச் சொல்ல வேண்டும். அதில் ஊளைத் தடுப்பும் இரைச்சல் குறைப்பும் தணிந்திருக்கும். பொத்தானைத் தட்டினால் பேச்சு, இன்னொரு முறை தட்டினால் பாட்டு. வாங்கும்போதே கேட்டால்தான் பலர் செய்து தருகிறார்கள். "பாட்டுக் கேட்பீங்களா?" என்று அவர்களாகக் கேட்பது குறைவு.

ஞாயிற்றுக்கிழமை பெரிய பெட்டியைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. கடைக்காரருக்கு வருத்தமில்லை. எங்கள் 9,000 வெள்ளி இப்படிப் பிரிந்தது. சிறிய டேக் 650. கூடத்தில் ஸ்பீக்கருக்கு எதிரே கம்பளமும் கனமான திரைச்சீலையும் 480. எங்கள் வீடுகளில் தரையெல்லாம் ஓடு, சுவரெல்லாம் சிமெண்டு, குரல் எதிரொலித்துக் குழம்பிவிடும். இந்தச் செலவில் ஒலி மாறியதை அடுத்த வீட்டுக்காரரே கவனித்தார். மின்னல் தடுப்பான் உள்ள செருகுபலகை 130. உலகில் அதிகம் இடி இடிக்கும் பகுதிகளில் கிள்ளான் பள்ளத்தாக்கும் ஒன்று. மாலை மழையில் ஒரு வெட்டு வெட்டினால் டேக்கின் விலை என்னவென்று அது பார்ப்பதில்லை. மீதி முழுவதும் இரண்டு செவித்துணைக் கருவிகளுக்குப் போனது. துண்டு விழுந்ததைத் தம்பி போட்டான்.

டேக் வாங்கப் போகிறவர்களுக்கு நான் இப்போது சொல்வது சுருக்கமானது. 500 வெள்ளியிலிருந்து 1,000 வெள்ளிக்குள் நல்லது கிடைக்கிறது. உங்கள் ஆம்ப்ளிஃபயரின் துளைக்குப் பொருந்துகிறதா, இங்கேயே உத்தரவாதம் உண்டா என்று பாருங்கள். கணினியோடு இணைத்தால் 'உம்' என்று மின்சார ரீங்காரம் வருகிறதா என்று கேளுங்கள். ஸ்ட்ரீமிங்கில் கேட்கிறவர்கள், தரம் குறையாத வடிவைத் தேர்ந்தெடுங்கள். ஆப்பிள் மியூசிக்கில் 2021-லிருந்தே அது கூடுதல் கட்டணம் இல்லாமல் கிடைக்கிறது, ஆனால் சாதாரண புளூடூத்தில் அந்தத் தரம் முழுதாக வந்து சேராது. அதற்கு மேல் செலவழிக்க விருப்பமும் வசதியும் இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள், நல்ல கைவேலைக்கு விலை உண்டு. அதற்கு முன்னால், அந்த நாற்காலியில் உட்காரப் போகிறவருக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருந்தால், ஒரு செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

செவித்துணைக் கருவி கண்ணாடி மாதிரி போட்டவுடன் பழகிவிடாது. முதல் வாரம் அப்பாவுக்குப் பாத்திரச் சத்தமும் காற்றாடிச் சத்தமும் எரிச்சலாக இருந்தன. இரண்டு முறை கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டார். மூன்று முறை போய் அளவு மாற்றி வந்தோம். ஆறாவது வாரம், நான் காலை நிகழ்ச்சி முடித்து வீட்டுக்கு வந்தபோது அலமாரி திறந்திருந்தது. சலங்கை கேட்கிறதா என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"முன்ன மாதிரி இல்ல ம்மா. கொஞ்சம் தகரச் சத்தம் மாதிரி இருக்கு. ஆனா இருக்கு."

பிறகு, காலை நிகழ்ச்சியில் நான் ஒரு பாடகியின் பெயரை விழுங்கிவிட்டேன் என்றும் சொன்னார்.